பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின்: எது காரோடு பிறந்தது, எது பின்னால் வந்தது?

ஐம்பது அறுபது ஆண்டுகள் ஓடிய ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினில் எல்லாப் பாகமும் முதல் நாளில் இருந்தபடியே இருக்க வாய்ப்பில்லை. வாட்டர் பம்ப் எப்போதோ போயிருக்கும். கார்புரேட்டரை யாரோ மாற்றியிருப்பார்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் மூன்றாவதாகக்கூட இருக்கலாம். சில கார்களில் இன்ஜினே வேறொரு காரிலிருந்து வந்திருக்கும். ரெஸ்டோரேஷனில், அதாவது பழைய காரை மீட்டுப் புதுப்பிக்கும் வேலையில், புதிதாக இறங்குபவர் ஸ்பேனரை எடுப்பதற்கும் உதிரிபாகப் பட்டியலைத் திறப்பதற்கும் முன்னால், கையில் இருப்பது என்ன என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு எண்ணை வைத்து எந்தப் பாகத்தையும் அசல் என்று முடிவுகட்ட முடியாது. வார்ப்பில் (உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றிச் செய்த உடலில்) இருக்கும் எண், வார்த்த தேதி, பஞ்ச் அடித்த எண், மெஷின் ஓடிய தடம், தேய்மானம், தொழிற்சாலைப் பதிவு ஆகிய எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். அதில் ஒன்று மட்டும் வேறு கதை சொன்னால் அந்த இடத்தில் நின்று, ஏன் என்று பார்க்க வேண்டும்.

நான்கு வகைப் பாகங்கள்

எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும் அது நான்கில் ஒன்றாக இருக்கும். முதலாவது, இந்தக் காரோடு தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. இரண்டாவது, அதே மாடல், அதே காலம், ஆனால் வேறொரு காரிலிருந்து கழற்றியது. மூன்றாவது, கார் கம்பெனியே பிற்காலத்தில் உதிரிபாகமாக விற்றது. இதில் எண்ணோ வடிவமோ கொஞ்சம் மாறியிருக்கும். நான்காவது, இன்று வேறு யாரோ புதிதாகச் செய்து விற்கும் நகல்.

நான்கிலும் இன்ஜின் ஓடும். தேய்ந்துபோன அசலைவிட நல்ல நகல் பாகம் பல நேரம் நன்றாகவே ஓடும். ஆனால் காரின் மதிப்பு, வரலாறு என்று வரும்போது நான்கும் ஒன்றில்லை. விற்பவர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் முதல் வகை என்று சொல்லி விற்பது சகஜம். பலர் ஏமாற்றுவதில்லை, அவர்களுக்கே வித்தியாசம் தெரியாது.

இதற்குள் தனியாக ஒன்று இருக்கிறது: தொழிற்சாலை கொடுத்த மாற்று இன்ஜின். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனும் அதன்பின் வந்த பிரிட்டிஷ் லேலண்டும், பழைய இன்ஜினை வாங்கிக்கொண்டு, 'கோல்ட் சீல்' என்ற பெயரில் புதுப்பித்த இன்ஜினைக் கொடுத்தன. போர்ஷே அப்படிக் கொடுத்த இன்ஜின்களில் எண்ணோடு 'ஏடி' என்ற இரண்டு எழுத்துகளைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட இன்ஜின் வந்த வழி நேர்மையானது. காரோடு பிறந்த இன்ஜின் கிடைக்க வழியே இல்லை என்றால், இதை அப்படியே வைத்துக்கொள்வதுதான் சரி என்பது என் கருத்து.

காகிதத்தில் தொடங்குங்கள்

இன்ஜின் எண் என்னவாக இருக்க வேண்டும் என்று தெரியாமல் இன்ஜினைப் பார்ப்பதில் பயனில்லை. அதனால் முதலில் தொழிற்சாலைப் பதிவைத் தேடுங்கள். எம்ஜி, டிரயம்ப், ஆஸ்டின் ஹீலி கார்களுக்கு இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிட்டேஜ் டிரஸ்ட் பழைய உற்பத்திப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. ஜாகுவாருக்கு ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் உண்டு. காரின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால், அதில் எந்த எண் கொண்ட இன்ஜின் பொருத்தப்பட்டது என்பது அந்தச் சான்றிதழில் வரும். அமெரிக்கக் கார்களில் வழி வேறு. ஜெனரல் மோட்டார்ஸ் 1965 முதல் 1972 வரை வாரண்டிக்காக 'புரொடெக்ட்-ஓ-பிளேட்' என்ற சின்ன உலோகத் தகட்டைக் காரோடு கொடுத்தது. இன்ஜினின் குறியீடு அதில் இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே பிராண்டு ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டில், 1967 முதல் வந்தவற்றில் பெட்ரோல் டேங்க்கின் மேல் ஒட்டிய உற்பத்தித் தாள் சில கார்களில் இன்னும் பிழைத்திருக்கிறது.

பானெட்டுக்குக் கீழே இன்ஜின் இருக்கும் இடத்தில் உள்ள தகடுகளையும் பாருங்கள். ஜாகுவார் இ-டைப்பின் தகட்டில் கார் எண், இன்ஜின் எண், பாடி எண், கியர்பாக்ஸ் எண் எல்லாம் அடிக்கப்பட்டிருக்கும். டாட்ஸன் 240இசட்டின் தகட்டிலும் இன்ஜின் எண் உண்டு. ஆனால் இந்தத் தகடுகளைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆகவே தகட்டைவிடப் பதிவேட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். தகடும் பதிவேடும் ஒத்துப்போனால் நல்லது. போகாவிட்டால் பதிவேட்டை நம்புங்கள்.

'எண்கள் ஒத்துப்போகின்றன' என்று விளம்பரங்களில் சொல்கிறார்களே, அதற்கு எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அர்த்தம் இல்லை. 1960களின் கார்வெட்டில் காரின் வரிசை எண்ணே இன்ஜின் பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் உள்ள முதன்மை உடலில், பஞ்ச் அடிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். எம்ஜிபியிலோ டிரயம்ப் டிஆர்6-இலோ இன்ஜின் எண் தனி வரிசை, கார் எண் தனி வரிசை. ஒரு டிஆர்6-இல் இரண்டும் 'சிபி' என்றே தொடங்கினாலும் இலக்கங்கள் வேறாகத்தான் இருக்கும். அந்த இரண்டு எண்களும் ஒரே காரைச் சேர்ந்தவை என்பதைப் பதிவேடு மட்டுமே சொல்லும். ஜாகுவார் எக்ஸ்கே இன்ஜினில் இன்னொரு வசதி உண்டு. பிளாக்கில் ஆயில் ஃபில்டர் பக்கம் அடித்த அதே எண்ணை பிளாக்கின் மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்திலும் அடித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த ஹெட்டும் பிளாக்கும் பிறந்ததிலிருந்து ஜோடி என்று கொள்ளலாம். எண்ணின் முடிவில் வரும் 8 அல்லது 9 என்ற இலக்கம் கம்ப்ரெஷன் விகிதத்தைக் குறிக்கிறது. 3.8 லிட்டர் இ-டைப்பின் இன்ஜின் எண் 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' என்று தொடங்கும். 1964-இல் வந்த 4.2 லிட்டரின் எண் '7இ' என்று தொடங்கும். 3.8 லிட்டர் காருக்குள் '7இ' இன்ஜின் இருந்தால் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை.

கழுவுவதற்கு முன்

ரெஸ்டோரேஷனில் ஆதாரம் அதிகமாக அழிவது முதல் நாள் கழுவலில்தான். பிரஷர் வாஷரும் கம்பிப் பிரஷும் சேர்ந்தால், அறுபது ஆண்டுகள் தாங்கிய பெயின்ட் குறி, ஸ்டிக்கரின் ஓரம், மெல்லிய பஞ்ச் எழுத்து எல்லாம் சில நிமிடத்தில் போய்விடும்.

அதனால் முதல் வேலை போட்டோ. இன்ஜினை எல்லாப் பக்கமிருந்தும், பிறகு ஒவ்வொரு பாகத்தையும் நெருக்கமாக எடுங்கள். ஹோஸ் எந்த வழியாகப் போகிறது, எந்த கிளிப் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, வயரின் நிறம் என்ன, எந்த போல்ட்டுக்குக் கீழே வாஷர் இருக்கிறது என்பதெல்லாம் படத்தில் வர வேண்டும். எண் இருக்கும் இடத்தை எடுக்கும்போது டார்ச்சை நேராகப் பிடிக்காமல், மேற்பரப்பை ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும். கை போகாத இடத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடி, அல்லது போனில் மாட்டும் குழாய் கேமரா போதும்.

அப்புறம் துடைப்பது. மண்ணெண்ணெய் போன்ற மென்மையான கரைப்பான், நைலான் பிரஷ், பழைய துணி, மரக்குச்சி. இதற்கு மேல் எதுவும் வேண்டாம். கிரீஸ் போனதும் எண்ணின் மேல் சாக்பீஸ் தூளைத் தடவி, விரலால் லேசாகத் துடைத்தால் குழிக்குள் தூள் தங்கி எழுத்து தெளியும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தால் எழுத்தின் அளவும் சாய்வும் அப்படியே கிடைக்கும். பின்னால் ஒப்பிட இது மிகவும் உதவும். எண் அடித்த பரப்பின் மேல் எமரித் தாளோ கிரைண்டரோ சாண்ட் பிளாஸ்டிங்கோ ஒருபோதும் படக் கூடாது. லேத் பட்டறைக்கு பிளாக்கை அனுப்பும்போது அந்த இடத்தைத் தொடக் கூடாது என்று எழுதியே கொடுங்கள்.

ஒரு பாதுகாப்பு விஷயமும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து கேஸ்கெட்டுகளிலும் எக்ஸாஸ்ட் சுற்றுத்துணிகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டித் தூள் பறக்கவிடாதீர்கள். நனைத்துவிட்டு, தகுந்த மாஸ்க் போட்டுக்கொண்டு எடுங்கள்.

எழும்பிய எண், குழிந்த எண்

இன்ஜினில் இரண்டு விதமான எண்கள் இருக்கின்றன. உலோகத்தோடு சேர்ந்து மேலே எழும்பி நிற்பது வார்ப்பு எண். உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றியபோதே வந்தது அது. மெஷின் வேலை முடிந்த பிறகு பஞ்ச் வைத்து அடித்ததால் குழிந்திருப்பது முத்திரை எண். வார்ப்பு எண், இது எந்த வடிவமைப்பு என்று சொல்கிறது. முத்திரை எண், அந்த வடிவமைப்பில் வந்த ஆயிரக்கணக்கான பிளாக்குகளில் இது எது, எந்தக் காருக்குப் போனது என்று சொல்கிறது.

புதியவர்கள் பெரும்பாலும் வார்ப்பு எண்ணைக் கண்டதும் சந்தோஷப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள். செவர்லேயின் 3970010 என்ற வார்ப்பு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1969 முதல் 1970களின் இறுதிவரை 350 கன அங்குல வி8 பிளாக்குகளில் இது பரவலாக இருக்கிறது. கார்வெட்டிலும் உண்டு, சாதாரணக் குடும்பக் காரிலும் உண்டு, டிரக்கிலும் உண்டு. அந்த எண் இருக்கிறது என்பதால் அது கார்வெட் இன்ஜின் ஆகிவிடாது. எண் வேறாக இருந்தால் மட்டும்தான் உறுதியான முடிவு கிடைக்கும்: அந்த ஆண்டு அந்த மாடலில் அந்த வார்ப்பு வரவே இல்லை என்றால் பிளாக் வேறு. வார்ப்பு எண்ணால் ஒரு பாகத்தை நிராகரிக்க முடியும். உறுதிசெய்ய அது மட்டும் போதாது.

ஃபோர்டின் எண்ணில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சி5ஏஇ-6015-இ என்று ஒரு பிளாக்கில் இருந்தால், முதல் எழுத்து 'சி' 1960களைக் குறிக்கும், 5 என்பது 1965, அடுத்த எழுத்து எந்த வகைக் காருக்காக முதலில் வடிவமைத்தார்கள் என்பதைச் சொல்லும், அதற்கடுத்த 'இ' இன்ஜின் பிரிவைக் குறிக்கும். 6015 என்பது பிளாக். ஆனால் இந்த 1965 வடிவமைத்த ஆண்டு. வார்த்த ஆண்டு வேறாக இருக்கலாம். 1967 மஸ்டாங்கில் சி5 என்று தொடங்கும் பாகம் இருந்தால் அதை உடனே பழையது என்று தள்ளிவிடக் கூடாது. வார்த்த தேதி அருகிலேயே தனியாக இருக்கும்.

போர்ஷேயின் பாக எண் மூன்று, மூன்று, மூன்று, இரண்டு இலக்கங்களாகப் பிரிந்திருக்கும். முதல் மூன்று எந்த வகைக் காருக்காக அந்தப் பாகம் முதலில் வந்தது என்பதைக் காட்டும். அடுத்த தொகுதி 1-இல் தொடங்கினால் அது இன்ஜின் பாகம். வார்ப்பில் எழும்பி நிற்கும் எண்ணின் முடிவில் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால், அது மெஷின் வேலை செய்யாத மூல வார்ப்பின் எண். பாகப் புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

டாட்ஸன் 240இசட்டில் வேலை கொஞ்சம் சுலபம். பிளாக்கில் எல்24 என்று பெரிதாக வார்த்திருப்பார்கள். ஆரம்பகாலக் கார்களின் சிலிண்டர் ஹெட்டில் இ31 என்றும், பின்னால் வந்தவற்றில் இ88 என்றும் இருக்கும். என்42 போன்ற ஹெட்கள் 280இசட் காலத்தைச் சேர்ந்தவை. எல் வரிசை இன்ஜின்களில் பாகங்கள் ஒன்றுக்கொன்று எளிதில் பொருந்தும் என்பதால், பலர் எல்28 பிளாக்கையே உள்ளே வைத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட கார் நன்றாகவே ஓடும். அசலா என்று கேட்டால் இல்லை.

தேதிகள் வரிசையாக வர வேண்டும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதிக நம்பிக்கை வைப்பதும் இதன்மேல்தான். தர்க்கம் ரொம்ப எளிது. முதலில் பிளாக்கை வார்க்கிறார்கள். பிறகு மெஷின் வேலை, அசெம்பிளி. அதன்பின் இன்ஜின் கார் தொழிற்சாலைக்குப் போய்க் காருக்குள் ஏறுகிறது. ஆக, வார்த்த தேதி அசெம்பிளி தேதிக்கு முன்னால் வர வேண்டும், அசெம்பிளி தேதி கார் கட்டிய தேதிக்கு முன்னால் வர வேண்டும். காருக்குப் பின்னால் பிறந்த பாகம் அந்தக் காரோடு வந்திருக்கவே முடியாது.

1967 கார்வெட்டின் சிறிய வி8-ஐ வைத்துப் பார்ப்போம். பிளாக்கின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் உள்ள விளிம்பில் 'சி 14 7' என்று எழும்பி நிற்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் வார்ப்புத் தேதியில் ஏ முதல் எல் வரை பன்னிரண்டு எழுத்துகள் பன்னிரண்டு மாதங்களுக்கு. எனவே இது மார்ச் 14, 1967. இன்ஜினின் முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சின்ன சமதளம் இருக்கும். அங்கே 'வி0320' என்று தொடங்கும் முத்திரை இருந்தால், ஃபிளிண்ட் தொழிற்சாலையில் மார்ச் 20 அன்று அசெம்பிள் செய்தது. அடுத்து வரும் எழுத்துகள் குதிரைத்திறனையும் கியர்பாக்ஸ் வகையையும் குறிக்கும். கார் ஏப்ரலில் கட்டப்பட்டது என்று பதிவு சொன்னால் எல்லாம் அழகாகப் பொருந்துகிறது. அதே காரில் ஒரு சிலிண்டர் ஹெட்டின் தேதி ஜூலை என்று இருந்தால் அந்த ஹெட் பின்னால் வந்தது. வேறு எந்த விளக்கமும் இல்லை.

ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான் என்பதால் 7 என்பது 1957, 1967, 1977 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். அங்கேதான் வார்ப்பு எண் கைகொடுக்கும். எந்தப் பத்தாண்டு என்று அது சொல்லிவிடும். ஃபோர்டில் வரிசை வேறு: ஆண்டு, மாத எழுத்து, நாள். '7சி14' என்றால் அதே மார்ச் 14, 1967. ஆனால் ஃபோர்டு 'ஐ' எழுத்தைத் தவிர்த்தது. அதனால் செப்டம்பர் 'ஜே', டிசம்பர் 'எம்'. இதைத் தெரியாமல் வருடக் கடைசி மாதங்களில் ஒரு மாதம் தவறாகக் கணக்கிட்டு நல்ல பாகத்தை விலக்கியவர்கள் உண்டு.

இடைவெளி எவ்வளவு இருக்கலாம்? பொதுவாகச் சில வாரங்கள், சில நேரம் சில மாதங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழைய பிளாக் என்றால் கேள்வி கேட்க வேண்டியதுதான். எல்லாப் பாகங்களுக்கும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தொழிற்சாலையில் சில பாகங்கள் அலமாரியின் பின்பக்கத்தில் கிடந்து தாமதமாக ஏறியிருக்கும். தேதிகள் கொஞ்சம் சிதறியிருப்பதுதான் இயல்பு. எல்லாப் பாகத்திலும் ஒரே வாரத்தின் தேதி இருந்தால், யாரோ தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார்களோ என்றுதான் எனக்குச் சந்தேகம் வரும்.

அலுமினிய வார்ப்புகளில் தேதி வேறு வடிவில் வரும். வட்டத்துக்குள் மாதங்களைக் குறிக்கும் எண்கள், நடுவில் ஆண்டு, ஒரு அம்புக்குறி அல்லது புள்ளிகள். கடிகார முகம் மாதிரி இருக்கும் இந்த வட்டத்தை டைமிங் கவர், இன்டேக் மேனிஃபோல்டு, ஆயில் பான் ஆகியவற்றின் உட்பக்கத்திலும் தேடிப் பாருங்கள்.

முத்திரை உண்மையா?

மதிப்பு ஏறிய கார்களில் எண்ணை அழித்து மறுபடி அடிப்பது நடக்கிறது. பல நாடுகளில் இது குற்றம். அதை அறியாமல் வாங்கியவர்தான் பின்னால் சிக்கலில் மாட்டுகிறார்.

முதலில் எண்ணை விட்டுவிட்டு அது அடிக்கப்பட்ட பரப்பைப் பாருங்கள். செவர்லே பிளாக்கின் மேல்தளத்தைத் தொழிற்சாலையில் 'புரோச்' என்ற பெரிய வெட்டும் கருவியால் ஒரே இழுப்பில் சீவினார்கள். அதனால் முத்திரைத் தளத்தில் முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகள் ஓடும். பிற்காலத்தில் ஒரு பட்டறையில் மில்லிங் மெஷினில் சீவியிருந்தால் வளைந்த கோடுகள் வரும். கோடே இல்லாமல் பளபளவென்று இருந்தால் எமரி போட்டிருக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் பழைய முத்திரை அந்தப் பரப்போடு போயிருக்கும். இப்போது தெரிவது பின்னால் அடித்ததாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். கோடுகள் எழுத்துக்கு அடியில் தொடர்ச்சியாக ஓடுகின்றனவா, எழுத்தைச் சுற்றி மட்டும் பரப்பு கொஞ்சம் பள்ளமாக இருக்கிறதா என்று ஒரு நேரான ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.

அடுத்து எழுத்து. தொழிற்சாலையில் பல இலக்கங்களை ஒரு பிடிக்குள் சேர்த்துவைத்து அடித்த இடங்களில் வரி நேராக இருக்கும், ஆழம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றாகக் கையால் அடித்த இடங்களில் மேலும் கீழும் ஆடும். உங்கள் மாடலில் எது வழக்கம் என்பதை, சந்தேகத்துக்கு இடமில்லாத கார்களின் படங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1, 3, 4, 7 இவற்றின் வடிவம் பஞ்சுக்குப் பஞ்சு மாறும். உங்கள் பென்சில் நகலை அந்தப் படங்களோடு ஒப்பிடுங்கள்.

எம்ஜிபியில் பிளாக்கின் வலதுபுறம் ரிவெட் அடித்த ஒரு தகட்டில்தான் எண் இருக்கும். தகடு மாற்றக்கூடியது. அதனால் அங்கே நான் தகட்டைவிட இன்ஜினின் உடலை நம்புகிறேன். 18ஜி, 18ஜிஏ என்று தொடங்கும் ஆரம்ப இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்டைத் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கிய தண்டைத்) தாங்க மூன்று மெயின் பேரிங். 1964 அக்டோபரில் வந்த 18ஜிபியில் ஐந்து. தகட்டில் 18ஜிஏ என்று இருந்து, அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைத் திறக்கும்போது ஐந்து பேரிங் இருந்தால் தகடு இந்த பிளாக்கினுடையது இல்லை.

கார்புரேட்டரும் மின்சாரப் பாகங்களும்

வெளியே போல்ட் போட்டு மாட்டிய பாகங்கள்தான் அதிகம் மாறியிருக்கும். எஸ்யூ கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூவுக்குக் கீழே சின்ன உலோகப் பட்டை இருக்கும். அதில் 'ஏயூசி' அல்லது 'ஏயூடி' என்று தொடங்கும் எண். ஆரம்பகால எம்ஜிபிக்கு ஏயூடி 52. ஒரே ஸ்க்ரூவைக் கழற்றினால் மாற்றிவிடலாம் என்பதால் அந்தப் பட்டைக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பதில்லை. கார்புரேட்டரின் உடலைப் பாருங்கள். எச்எஸ்4 வகையில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பர் பக்கவாட்டில் தனியாக நிற்கும். 1970களில் வந்த எச்ஐஎஃப்4-இல் அது அடிப்பகுதிக்குள்ளேயே அடங்கியிருக்கும். 1965 காரில் எச்ஐஎஃப்4 இருந்தால் தூரத்தில் நின்றே சொல்லிவிடலாம்.

ஹோலி கார்புரேட்டரில் மேல்பகுதியில் 'லிஸ்ட்' என்ற எண்ணும் அதன்கீழ் மூன்று இலக்கத் தேதியும் இருக்கும். 1960களில் அது ஆண்டு, மாதம், வாரம் என்ற வரிசை. 732 என்றால் 1967 மார்ச் இரண்டாம் வாரம். வெபர் கார்புரேட்டர்கள் அந்தக் காலத்தில் இத்தாலியின் போலோன்யாவில் உருவானவை. உற்பத்தி பிற்பாடு ஸ்பெயினுக்குப் போனது. 40 டிசிஓஇ 151 என்று மூடியில் இருந்தால் அது ஸ்பெயின் காலத்தின் பொது உபயோக வகை. 1960களின் ஆல்ஃபா ரோமியோவில் அது பின்னால் வந்ததுதான்.

லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர் ஆகியவற்றின் உடலில் பாக எண்ணுக்குப் பக்கத்தில் மாதமோ வாரமோ, அதோடு ஆண்டும் அடித்திருப்பார்கள். '4666' என்று டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்தால் 1966-இன் 46-ஆம் வாரம். போஷ் பாகங்களில் 'எஃப்டி' என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் இலக்கங்கள் உற்பத்தித் தேதியின் குறியீடு. டெல்கோ ரெமி டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு பட்டையைச் சுற்றியிருப்பார்கள். அதற்கும் நகல் பட்டைகள் விற்பனைக்கு இருக்கின்றன. எண்ணைப் படிக்காமலே தெரியும் விஷயங்களும் உண்டு. எம்ஜிபி 1967 இறுதியில்தான் டைனமோவிலிருந்து ஆல்டர்னேட்டருக்கும், பாஸிட்டிவ் எர்த்திலிருந்து (பேட்டரியின் பாஸிட்டிவ் முனை காரின் உடலோடு இணைவது) நெகட்டிவ் எர்த்துக்கும் மாறியது. அதற்கு முந்தைய காரில் ஆல்டர்னேட்டர் இருந்தால் யாரோ வசதிக்காக மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றத்தோடு வயரிங்கும் மாறியிருக்கும் என்பதால் பேட்டரியை மாட்டுவதற்கு முன் எர்த் எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள்.

போல்ட்டுகளை யாரும் கவனிப்பதில்லை. அதனால்தான் அவை உண்மையைச் சொல்லும். எம்ஜிபி இன்ஜின் முழுக்க அங்குல அளவு மரைகள். அதில் தலையில் '8.8' என்று அடித்த மெட்ரிக் போல்ட் ஒன்று இருந்தால் அந்த இடத்தில் ஒருமுறை கை பட்டிருக்கிறது. அமெரிக்க போல்ட்டுகளின் தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. ஜெர்மன் கார்களில் காமாக்ஸ், வெர்பஸ் போன்ற பெயர்கள் தலையில் இருக்கும். பழைய போல்ட்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். எந்த ஓட்டையிலிருந்து எடுத்தது என்று எழுதி, தனித்தனிக் கவரில் வையுங்கள்.

நகலைக் கண்டுபிடிப்பது

பழைய பாகத்தையே மாதிரியாக வைத்து அச்சு எடுத்து வார்த்த நகலில் ஒரு இயற்பியல் தடயம் தங்கிவிடும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். இரும்பில் இது ஏறக்குறைய 1 சதவீதம். அதனால் நகல் அசலைவிடக் கொஞ்சம் சிறிதாக இருக்கும், எழும்பிய எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும். பெரிய மேனிஃபோல்டில் வெர்னியர் வைத்து அளந்தாலே தெரியும். மணல் அச்சின் சொரசொரப்பு இருக்க வேண்டிய இடம் மழமழவென்று இருப்பது, கம்பெனிச் சின்னம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவோ தேய்க்கப்பட்டோ இருப்பது, வார்ப்புத் தேதியே இல்லாமல் இருப்பது எல்லாம் கவனிக்க வேண்டியவை. நகல் செய்பவர்களில் தேதி போடுபவர்களும் இருக்கிறார்கள் என்பதால் ஒரு அடையாளத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

பெயின்ட்டும் பார்க்கலாம். கேஸ்கெட் ஓரம், போல்ட் தலைக்குக் கீழ், என்ஜின் மவுன்டுக்குப் பின்னால் தொழிற்சாலைப் பெயின்ட் ஒளிந்திருக்கும். ஃபோர்டு 1966-இல் எல்லா இன்ஜின்களுக்கும் நீல நிறத்தைக் கொண்டுவந்தது. செவர்லே வி8 அந்தக் காலத்தில் ஆரஞ்சு. ஒரு ஹெட்டின் ஓட்டைக்குள் மட்டும் வேறு நிறம் எட்டிப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்பதற்குத் துப்பு கிடைத்துவிட்டது.

இன்ஜினைத் திறந்த பிறகு

உள்ளே பார்க்கும்போது, பிஸ்டன் தலையில் இருக்கும் குறியைப் படியுங்கள். .020, .030, .040 போன்ற எண் இருந்தால் அத்தனை அங்குலம் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், பெரிதாக்கப்பட்டிருக்கிறது. எம்ஜிபியின் அசல் போர் 80.26 மில்லிமீட்டர், 240இசட்டின் எல்24-க்கு 83 மில்லிமீட்டர். அசல் அளவிலேயே இருக்கும் போரும், கம்பெனியின் சின்னம் கொண்ட பிஸ்டனும், அளவு குறைக்காத கிராங்க் ஜர்னலும் (பேரிங்கில் உட்காரும் பகுதியும்) சேர்ந்தால் அந்த இன்ஜின் பெரிதாகப் பிரிக்கப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ரீபோர் செய்ததால் பிளாக்கின் அசல் தன்மை போகாது. பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு எல்லாம் தேய்ந்து மாற வேண்டியவை. அவற்றில் பழமையைத் தேடிப் பணத்தை வீணாக்காதீர்கள். பிளாக், ஹெட், மேனிஃபோல்டு, கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றில்தான் தேடல் இருக்க வேண்டும்.

பிளாக்கில் விரிசல் இருந்தாலும் உடனே வேறு பிளாக் வாங்க ஓடாதீர்கள். வார்ப்பிரும்பில் விரிசலை வெல்டிங் இல்லாமல், உலோகத் தையல் முறையில் மூடும் பட்டறைகள் இருக்கின்றன. கெட்டுப்போன சிலிண்டருக்கு உள்ளே ஸ்லீவ் என்ற குழாய் போடலாம். காரோடு பிறந்த பிளாக் ஒன்றே ஒன்றுதான். அதைக் காப்பாற்றச் செய்யும் செலவு வீணாகாது.

கடைசியாக ஒரு நோட்டு வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி: பெயர், வார்ப்பு எண், தேதி, முத்திரை எண், நான்கு வகையில் எது என்ற உங்கள் முடிவு, அந்த முடிவுக்குக் காரணம். உறுதியில்லாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். வேறொரு காரைப் பார்க்கும்போது பதில் கிடைக்கலாம். நம்பகத்தன்மைக்காக எலக்ட்ரானிக் இக்னிஷனோ ஆல்டர்னேட்டரோ போட விரும்பினால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் புதிதாக எதையும் துளையிடாமல், வெட்டாமல். கழற்றிய அசலைச் சுத்தம் செய்து, லேசாக எண்ணெய் தடவி, பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள். காரை விற்கும் நாளில் அந்தப் பெட்டியும் நோட்டும் சான்றிதழும் சாவியோடு சேர்ந்தே போக வேண்டும்.